தூக்க நாலு பேர்: பழைய படையினரின் செத்தவீட்டில் உதவ விரும்பும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

நல்லதுக்குச் சொன்னால் போ, கெட்டதுக்குச் சொல்லாமலே போ என்பது நம்மிடம் இருக்கும் பழக்கம். செத்தவீட்டுக்கு யாரும் அழைப்பிதழ் அடிப்பதில்லை. ஆனால் போய் முற்றத்தில் நிற்பது வேறு, பெட்டியைத் தோளில் வாங்குவது வேறு. இரண்டாவதற்குக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எப்படிக் கேட்பது, கேட்டபின் என்னென்ன வேலை இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாருடைய செத்தவீடு? இளவயதில் கடற்படையிலோ இராணுவத்திலோ இருந்து, பிறகு ஊரோடு ஒதுங்கி, பிள்ளைகள் வெளிநாடு போய்விட, இன்று எண்பதைத் தாண்டிய வயதில் தனியாகவோ மனைவியோடோ இருக்கும் ஐயாமார் நம்மிடையே இருக்கிறார்கள். துறைமுக ஊரில் இது அதிசயமில்லை. சிலோன் ஆமி 1949 ஒக்டோபரிலும் றோயல் சிலோன் நேவி 1950 டிசம்பரிலும் தொடங்கின. திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியர் 1957 ஒக்டோபரில் கையளித்துவிட்டுப் போனார்கள். அந்தத் தொடக்க ஆண்டுகளில் தமிழர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர் என்று எல்லாரும் சேர்ந்தார்கள். 1955 முதல் 1959 வரை இராணுவத் தளபதியாக இருந்த அன்ரன் முத்துக்குமாரு தமிழர். 1960களில் கடற்படைக்குத் தலைமை தாங்கிய ராஜன் கதிர்காமரும் தமிழர்தான். அப்புறம் வந்த யுத்த வருடங்களில் "அப்பா நேவியில் இருந்தவர்" என்று வெளியே சொல்லவே பல வீடுகள் தயங்கின. மெடல் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போனது. மறந்து போனது பாதி, மறைத்து வைத்தது பாதி.

அமெரிக்காவில் இதே வேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிறார்கள். ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்திலும் மிச்சிகன் மாநிலம் டெட்ராய்டிலும் உள்ள இயேசு சபைப் பள்ளிகளில் பெட்டி தூக்குவதற்கென்றே மாணவர் குழுக்கள் உண்டு. தன் சொந்தக் கல்லறையை இயேசுவுக்குக் கொடுத்த அரிமத்தியா யோசேப்பின் பெயரை அந்தக் குழுக்களுக்கு வைத்திருக்கிறார்கள். வீடு வாசல், உறவு எதுவுமில்லாமல் இறந்த முன்னாள் படையினருக்கு அந்தப் பிள்ளைகளே தோள் கொடுக்கிறார்கள். அங்கே சட்டமும் துணை நிற்கிறது. குடும்பம் கேட்டால் சீருடையினர் குறைந்தது இரண்டு பேர் வர வேண்டும், கொடியை மடித்துக் கொடுக்க வேண்டும், எக்காள இசை ஒலிக்க வேண்டும் என்பது 2000 ஆம் ஆண்டிலிருந்து அங்கே விதி. நாம் அதை அப்படியே இங்கே இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. அங்கே கொடியைக் கண்டால் குடும்பம் அழும். இங்கே அதே கொடியைக் கண்டு பக்கத்து வீடு கதவைச் சாத்தக்கூடும். அதனால் அங்கிருந்து தோளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

உயிரோடு இருக்கும்போதே போங்கள்

செத்தபின் ஓடுகிற குழுவால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஐயா யார், எந்தப் படை, எந்தக் கப்பல் என்று செத்தவீட்டில் விசாரித்துக்கொண்டிருப்பது அழகில்லை. ஆகவே முதல் வேலை உங்கள் பகுதியில் இருப்பவர்களைத் தெரிந்துகொள்வது. பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் போய்ப் பட்டியல் கேட்காதீர்கள். அவர்கள் தரமாட்டார்கள், தரவும் கூடாது. கோயில் தர்மகர்த்தா, பங்குத்தந்தை, பள்ளிவாசல் நிர்வாகம், பழைய கடைக்காரர், ஊர் ஜி.எஸ். (கிராம சேவகர்) இவர்களிடம் "இப்படி ஒரு எண்ணம் இருக்கிறது, யாராவது இருந்தால் அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டால் போதும். ஐயா விரும்பினால் தகவல் தானாக வரும்.

முதல் தடவை போகும்போது இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். நோட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே நுழையாதீர்கள், பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கும். தேத்தண்ணி குடித்து, கதை கேட்டு, இரண்டாம் மூன்றாம் சந்திப்பில் எழுதத் தொடங்கினால் போதும். "சாவுக்கு வருகிறோம்" என்று பேச்சைத் தொடங்கினால் சரிவராது என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒன்று பார்த்திருக்கிறேன். சாவைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர்கள் நாம்தான். அந்த வயதுக்காரர்கள் தயங்குவதில்லை. "என்னைத் தூக்க ஆள் இருக்கா தம்பி?" என்று அவர்களே கேட்டுவிடுவார்கள்.

எழுத வேண்டியவை: முழுப்பெயர், படையில் பதிந்த பெயர் (இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்), சேவை இலக்கம், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, பதவி, கப்பல் அல்லது படைப்பிரிவு. விடுவிப்புப் பத்திரம் இருந்தால் அவர் அனுமதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். அதில் வரும் பெயர்கள் குழப்பும். விஜய, கஜபாகு என்றால் கப்பல்கள். தீசா, கெமுனு என்று இருந்தால் அவை கரையிலுள்ள முகாம்கள், முன்னது நம் திருகோணமலை, பின்னது வெலிசறை. இதைத் தெரிந்து வைத்திருந்தால் ஐயாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். "ஓ, உனக்கு விஜய தெரியுமோ?" என்று அதற்குப் பிறகுதான் உண்மையான கதை தொடங்கும்.

எதை எந்த ஒழுங்கில் எழுதுவது என்று பழக நல்ல இடம் நிலாவெளி வீதியில், நகருக்கு வடக்கே இருக்கும் யுத்த மயானம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே இறந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதும், அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் உங்கள் அம்மப்பா காலத்துக் கதைகள். ஒரு சனிக்கிழமை குழுவோடு போய் நடந்து பாருங்கள். இலக்கம், பதவி, பெயர், பிரிவு, இறந்த தேதி, வயது. ஒரு மனிதனைச் சுருக்கமாகச் சொல்ல இந்த ஒழுங்கு போதும். வருகிற வழியில் எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சேமக்காலையையும் எட்டிப் பாருங்கள். 1852 இல் இறந்த ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்டின் அங்கே அடக்கம். அக்கா ஜேன் ஒஸ்டின் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியை என்பதால் இன்றைக்கும் வெள்ளைக்காரர் தேடி வருகிறார்கள். பக்கத்துக் கல்லறைகளை அவர்கள் நின்று பார்ப்பதில்லை.

இன்னொன்று, ஐயாவிடமே கேளுங்கள்: படை தொடர்பான மரியாதை ஏதும் வேண்டுமா? "வேண்டாம்" என்றால் அதோடு பேச்சை விடுங்கள். மனைவியிடமும் தனியாகக் கேட்பது நல்லது. கணவன் வேண்டும் என்றும் மனைவி வேண்டாம் என்றும் சொல்லும் வீடுகள் உண்டு. அங்கே மனைவி சொல்வதையே எடுங்கள். அவர்தான் அந்தத் தெருவில் தொடர்ந்து வாழப் போகிறவர்.

குழுவும் உடையும்

எட்டுப் பேர் போதும். ஆறு பேர் தூக்க, இரண்டு பேர் மாற்றுக்கும் ஓட்டத்துக்கும். பாடசாலைச் சாரணர், மாணவர் படையணியில் இருக்கும் பிள்ளைகள் இயல்பாகவே வருவார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். பாடசாலை உடையில் வருவதென்றால் அதிபரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

வெள்ளைச் சட்டை, கறுப்பு நீளக் காற்சட்டை. அல்லது எல்லாரும் வெள்ளை வேட்டி. படைச் சீருடை மாதிரியான பச்சைப்புள்ளி உடை, தொப்பி, பூட்ஸ் எதுவும் வேண்டாம். இந்த நாட்டில் அது சட்டச் சிக்கல். அது இல்லாவிட்டாலும் செத்தவீட்டில் அது நாடகம். குழுவின் பெயர் அடித்த ரீசேட், பதாகை இரண்டையும் நான் தனிப்பட்ட முறையில் வெறுக்கிறேன். செத்தவரின் பெயரைவிட உங்கள் பெயர் பெரிதாகத் தெரிந்தால் வந்த காரியம் கெட்டது.

பெண் பிள்ளைகள் வரலாமா என்று எப்போதும் கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். சைவ வீடுகளில் பெண்கள் சுடலை வரை போவது வழக்கமில்லை. கிறிஸ்தவ வீடுகளில் அந்தத் தடை இல்லை. வீட்டாரைக் கேட்டால் தெரிந்துவிடும். உண்மையில் தோள் கொடுப்பதைவிடக் கடினமான வேலைகள் வீட்டுக்குள்ளேதான் இருக்கின்றன. அழுது களைத்த அம்மாவோடு இரவு இருப்பது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, பத்திரங்களைத் தேடி எடுப்பது.

செய்தி வந்தவுடன்

ஒருவர் மட்டும் போங்கள். மூன்று கேள்விகள். நாங்கள் வரலாமா? தூக்க ஆள் போதுமா? படைக்கு அறிவிக்க வேண்டுமா? மூன்றுக்கும் "வேண்டாம்" என்று வந்தாலும் முகம் சுருங்காமல் கதிரை அடுக்கிவிட்டு வாருங்கள்.

பத்திர வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும், சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இயற்கையாக இறந்தால் ஜி.எஸ். இன் அறிக்கையோடு பிறப்பு, இறப்புப் பதிவாளரிடம் போக வேண்டும். வைத்தியசாலையில் இறந்தால் அங்கிருந்து பத்திரம் தருவார்கள். தனியாக இருந்தவர் வீட்டில் இறந்து கிடந்தார் என்றால் எதையும் தொடாமல் முதலில் பொலிஸுக்கும் ஜி.எஸ். இற்கும் சொல்லுங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்து, தேவைப்பட்டால் உடல் மாவட்டப் பொது வைத்தியசாலைப் பிரேத அறைக்குப் போகும். உறவு யாரும் இல்லை என்று தெரிந்தாலும் குழுவாகப் போய் "நாங்கள் எடுக்கிறோம்" என்று நிற்க முடியாது. உறவினரைத் தேடுவது பொலிஸாரின் பொறுப்பு. நீங்கள் எழுதி வைத்த நோட்டில் கனடாவில் இருக்கும் மருமகனின் தொலைபேசி இலக்கம் இருந்தால், அந்த ஒரு வரி இரண்டு மூன்று நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கூடாரம், கதிரை, வெளிச்சம் எல்லாம் ஊர் மரண உதவிச் சங்கம் பார்க்கும். அவர்களோடு போட்டி போடாதீர்கள். காசு சேர்க்கும் வேலையையும் எடுக்காதீர்கள்.

படைக்கு அறிவிக்க வீட்டார் சம்மதித்தால் சேவை இலக்கத்தைக் கொடுத்து முகாமுக்கோ முன்னாள் படையினர் சங்கத்துக்கோ சொல்லலாம். ஆள் வந்து மரியாதை செய்வதாக இருந்தால் அந்தப் பகுதி முழுக்க அவர்களுடையது, நீங்கள் பின்னால் நில்லுங்கள். சீருடை வாசலுக்கு வருவதை விரும்பாத வீடு என்றால் அறிவிக்கவே வேண்டாம். மாவட்டம் எது, இங்கே என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். பெருமையும் கசப்பும் ஒரே வீட்டுக்குள் இருக்கலாம். அண்ணன் படையில் இருந்தவர், தம்பி மகன் காணாமல் ஆக்கப்பட்டவன் என்றால் அந்த வீட்டு முற்றத்தில் கொடியைப் பற்றிப் பேச உங்களுக்கு வயது போதாது.

சடங்கு அவரவருடையது

சைவ வீட்டில் அபரக்கிரியை செய்யும் குருக்கள் சொல்வதே சட்டம். கொள்ளி வைப்பது மகன் அல்லது உரிமையுள்ள உறவு. பந்தம் பிடிப்பது பேரப்பிள்ளைகள். வெளிநாட்டுப் பேரன் வரவில்லை என்பதற்காக நீங்களாகப் பந்தத்தை எடுக்க வேண்டாம், கொடுத்தால் வாங்குங்கள். சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். இப்போது பாடத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், பல வீடுகளில் தொலைபேசியில் போட்டுவிடுகிறார்கள். குழுவில் ஒரு பிள்ளை அதைப் பாடப் பழகியிருந்தால் எக்காளம் ஊதும் சிப்பாயைவிட அது அந்த வீட்டுக்குப் பெரிய மரியாதை.

முஸ்லிம் வீட்டில் எல்லாம் வேகமாக நடக்கும். பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்ன தூரம் வரை போங்கள். மலர்வளையம், பேச்சு என்று எதையும் கொண்டு போகாதீர்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் என்றால் செய்தி கேட்டவுடன் கிளம்பினால்தான் ஜனாஸாவுக்குப் போய்ச் சேரலாம்.

கத்தோலிக்க, மெதடிஸ்த வீடுகளில் பூசையோ ஆராதனையோ முடிந்து சேமக்காலைக்குப் போகும் இடைவெளியில் இரண்டு நிமிடம் பேசக் கேட்கலாம். குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் இடம் கிடைக்கும்.

தூக்குவது

இதைப் பழகாமல் போகக் கூடாது. மலர்ச்சாலைக்காரரிடம் சொன்னால் வெறும் பெட்டி ஒன்றைத் தூக்கிப் பார்க்க விடுவார்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பக்கத்துக்கு மூன்று பேர், எதிரெதிரே நிற்பவர்கள் ஒரே உயரம். தலைப்பக்கம் பாரம் கூட, ஆகவே பலசாலிகள் அங்கே. கைபிடியை நம்பாதீர்கள். மலிவுப் பெட்டிகளில் அது அலங்காரத்துக்கு மட்டும் அடித்தது, உள்ளங்கையைப் பெட்டியின் அடியில் கொடுங்கள். குனியும்போது முழங்கால் மடிய வேண்டும், முதுகு வளையக் கூடாது. ஒருவர் மட்டும் குரல் கொடுக்கட்டும். "பிடி, தூக்கு, நட" என்று மெதுவாக. எந்தப் பக்கம் முன்னால் போக வேண்டும் என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள், நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்.

ஒழுங்கை முனையில்தான் ஆள் மாற வேண்டும், நடு வீதியில் மாறினால் தடுமாறும். மாறும்போது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மாரி காலத்தில் சுடலை மணல் வழுக்கும், அதற்கு முதல் நாளே ஒருவர் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வரட்டும். வைகாசி, ஆனியில் பகல் இரண்டு மணி வெயிலில் மயங்கி விழுந்தால் ஊர் செத்தவரை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கும். தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

தொலைபேசி எல்லாரிடமும் அணைந்திருக்க வேண்டும், ஒருவரைத் தவிர. இலண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருக்கும் மகள் நேரலையில் பார்க்கக் கேட்பாள். அதற்கு ஒருவரை ஒதுக்குங்கள். அவர் தூக்க வேண்டாம், அழ வேண்டாம், கை நடுங்காமல் பிடித்தால் போதும். மற்றபடி ரிக்ரொக்கில் போட ஒரு துண்டு வீடியோகூட எடுக்கக் கூடாது. எடுத்த பிள்ளையை அடுத்த செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பேச்சும் பூவும்

பேச்சு என்றால் பத்து வரி. "மாவீரர்", "தேசத்தின் காவலன்" போன்ற சொற்களை அடியோடு விடுங்கள். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு தரப்பு நிற்கும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "ஐயா பத்தொன்பது வயதில் றோயல் சிலோன் நேவியில் சேர்ந்தார். விஜய கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்தார். விலகிய பின் இந்த ஒழுங்கையில் எல்லாருடைய தண்ணீர் மோட்டரையும் காசு வாங்காமல் திருத்தினார்." இப்படி. மோட்டர் என்ற இடத்தில்தான் ஊர் அழும்.

பூ விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதலாம் உலகப் போர் முடிந்த நவம்பர் 11 ஆம் தேதியை நினைத்துக் கொழும்பில் அந்தக் காலத்தில் சிவப்புப் பொப்பிப் பூ விற்றார்கள். சேர்ந்த காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. உள்ளூரில் கஷ்டப்பட்ட முன்னாள் படையினருக்குக் கிடைத்தது கொஞ்சம். இதைப் பொறுக்காத, இலங்கை முன்னாள் படையினர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா 1931 இல் அதே நாளில் போட்டியாகச் சூரியமல் விற்கத் தொடங்கினார், அந்தக் காசு இலங்கை முன்னாள் படையினருக்கு என்று. சூரியமல் வேறொன்றுமில்லை, நம் வேலியில் நிற்கும் பூவரசின் பூ. 1933 இல் இளைஞர் சங்கத்தினர் அதைக் கையில் எடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினார்கள். 1934-35 மலேரியாவில் கிராமங்கள் செத்துக்கொண்டிருந்தபோது மருந்தும் உணவும் கொண்டு போனவர்களும் அவர்கள்தான். மறக்கப்பட்ட உள்ளூர்ப் படைக்காரனுக்கு இளைஞர்கள் எடுத்த பூ என்று இந்த நாட்டில் ஒன்று இருக்க, கடையில் பிளாஸ்ரிக் வளையம் வாங்குவானேன்?

வீட்டார் சம்மதித்தால் ஆளுக்கொரு பூவரசம்பூ. காலையில் மஞ்சளாக இருப்பது பின்னேரம் சிவந்து வாடிவிடும், அன்றைக்கே காலையில் பறித்து ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். பெட்டிமேல் வைப்பதா, சுடலை வாசலில் வைப்பதா என்பது வீட்டார் விருப்பம்.

முப்பத்தொன்று வரை

அந்தியேட்டி முடியும்வரை வாரத்துக்கு ஒரு தடவையாவது எட்டிப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் அம்மாவுக்குத் தேவைப்படுவது ஆறுதலைவிட ஓட ஒரு ஆள். ஐயா ஓய்வூதியம் பெற்றவர் என்றால் மரணத்தைப் பிரதேச செயலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் வங்கியில் விழும் காசைப் பின்னால் திருப்பிக் கேட்பார்கள். பிறகு விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓய்வூதிய இலக்கம், வங்கிப் புத்தகம், எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று பிரதிகள். சுதந்திரத்துக்கு முன்னர் பிரித்தானியப் படையில் இருந்தவரின் விதவை இன்னும் இருந்தால், பொதுநலவாய முன்னாள் படையினருக்கான உதவிக்கு முன்னாள் படையினர் சங்கம் வழியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

வேலை சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். படைப் பத்திரத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு விதம், விவாகச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முன்னால், அடையாள அட்டையில் பின்னால். மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு சமாதான நீதவானை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். தேடி அலையத் தேவையில்லை, செத்தவீட்டுக்கு வந்து முன் கதிரையில் இருந்தவர்களில் ஒருவராவது ஜே.பி.யாக இருப்பார்.